என்ஜின் சத்தம்: பெல்ட் கழற்றலா, திருப்புளியா, ஸ்கேனரா?

காரில் புதுசாக ஒரு சத்தம் வந்தால், "டாப்பெட்தான், கவரைத் திறந்து பார்த்துடலாம்" என்பதுதான் பட்டறையில் முதலில் கேட்கிற பேச்சு. டாப்பெட் என்பது வால்வு கவருக்கு அடியில் இருந்து வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். கவரில் கை வைப்பதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க நான்கு வழிகள் உண்டு. எதில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துச் செலவு நூற்றுக்கணக்கிலும் முடியும், பல ஆயிரங்களுக்கும் போகும்.

எந்த வழியானாலும் முதலில் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் விளக்கு எரிந்து, கூடவே அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமான சத்தம் வந்தால் சோதனையெல்லாம் வேண்டாம். உடனே ஆஃப் செய்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

எங்கள் முதல் ஓட்டு ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவதற்குத்தான். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் கிரானைட் லாரிகள் ஓடும் ரோட்டில் தினமும் போய்வரும் காருக்கு இது இன்னும் பொருந்தும். அந்தத் தூசி, பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் புல்லி, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆகியவற்றின் பேரிங் சீலைத் தாண்டி உள்ளே போனால் கிரீஸ் கெட்டுவிடும். பெல்ட் ஓடும் வழியை போனில் படம் எடுத்துக்கொண்டு, டென்ஷனரைத் தளர்த்திக் கழற்றுங்கள். கழற்ற வேண்டியது வெளியே தெரியும் ஃபேன் பெல்ட். டைமிங் பெல்ட்டைத் தொடவே கூடாது. பிறகு என்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். பல வண்டிகளில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது என்பதால் அதற்கு மேல் ஓட்டினால் சூடேறும். பேட்டரி விளக்கு எரிவது இயல்பு. சத்தம் நின்றுவிட்டால் என்ஜினுக்குள்ளே வேலை இல்லை. ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் லேசான பிடிப்போடு சுற்றி நிற்கும். கிரீஸ் போனது தடையே இல்லாமல் வெகுநேரம் சுற்றும், அல்லது விரலில் 'கரகர' என்று உறைக்கும்.

பெல்ட் இல்லாமலும் சத்தம் இருந்தால் அடுத்தது காதுவேலை. ஒன்றரை அடித் திருப்புளியும் (நுனி என்ஜினில், பிடி காதில்) மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. திருப்புளிக்குச் செலவில்லை, ஆனால் முகத்தை ஃபேன் பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது, பக்கத்துச் சத்தமும் கலக்கும். சில நூறு ரூபாய் ஸ்டெதாஸ்கோப்பே மேல். வால்வு கவர் போல்ட், டைமிங் கவர், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப் என்று ஒவ்வொன்றாக வைத்து, எங்கே உரக்கக் கேட்கிறது என்று ஒப்பிடுங்கள். இன்ஜெக்டரில் 'டிக் டிக்' கேட்பது நோயல்ல.

திருப்புளி, ஸ்டெதாஸ்கோப் இரண்டுமே ஏமாறும் இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட், அதாவது புகைக்குழாய் என்ஜினோடு சேரும் இடத்து அடைப்பு. அங்கே கசியும் புகை டாப்பெட் போலவே தட்டும். ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையைச் சூட்டில் படாமல் இணைப்பின் ஓரமாக நகர்த்தினால் கசியும் இடத்தில் 'புஸ் புஸ்' தெளிவாகக் கேட்கும். கரிக்கோடும் தெரியும். காலையில் அதிகமாகவும் சூடானதும் குறைவாகவும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

சிலிண்டரை நிறுத்திப் பார்ப்பது பெட்ரோல் வண்டிக்கு. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பிடுங்கினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகும். அதனால் இன்ஜெக்டர் கனெக்டரையே, அதுவும் என்ஜின் ஆஃபில் இருக்கும்போது கழற்றுங்கள். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் குறைந்தால் கனெக்டிங் ராட் பேரிங் அல்லது பிஸ்டன். மாறவே இல்லையென்றால் பெரும்பாலும் வால்வு பக்கம். காமன் ரெயில் டீசலில் (உயர் அழுத்தத்தில் ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) கையால் கழற்றாமல், காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரிலேயே சிலிண்டர் கட்-ஆஃப் சோதனை செய்யுங்கள்.

ஸ்கேனருக்குக் காது கிடையாது. பி0016 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தால் டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பி0325 என்றால் தட்டலை உணரும் நாக் சென்சார் அல்லது அதன் வயர் என்று துப்பு கிடைக்கும். பேரிங் எவ்வளவு கத்தினாலும் கோடு வராது. என்ஜின் விளக்கு எரிந்தால் மட்டும் இதை முதலில் போடுங்கள்.

பட்டறையில் நிற்கும்போது வராத சத்தம் ஒன்று உண்டு. சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும்போது தொப்பூர் ஏற்றத்தில், டாப் கியரில் மிதித்தால் 'சலசல' என்று சில்லறை குலுங்குவதுபோல் கேட்கும். ஒரு கியர் குறைத்ததும் நின்றுவிட்டால் அது நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாகத் தானே வெடிப்பது. வழக்கமான பெட்ரோலுக்குப் பதில் ஒரு டேங்க் அதிக ஆக்டேன் பெட்ரோல் (நாக்கிங்கைத் தாங்கும் பெட்ரோல்) போட்டுப் பாருங்கள். அதில் நின்றால் கரி படிந்திருக்கிறதா, நாக் சென்சார் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். எப்போதும் அதிக ஆக்டேன் போட்டே ஓட்டுவது காரணத்தை மூடி வைப்பதுதான். தட்டலை அடக்க 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில் ஊற்றுவதும் அதே கதை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏறத் தாமதிக்கும் ஆயிலால் ஹைட்ராலிக் டாப்பெட்டுக்குக் கெடுதல்தான்.

ஐட்லர் போயிருந்தால் பேரிங் மட்டும் மாற்றுவதா, முழுப் புல்லியா? சில புல்லிகளில் 6203 மாதிரிப் பொது அளவு பேரிங் அழுத்தி மாற்ற முடியும், மலிவு. ஆனால் பிளாஸ்டிக் புல்லியின் உள்விளிம்பு உருகியிருந்தாலோ, பெல்ட் ஓடும் முகம் தேய்ந்திருந்தாலோ முழுசாக மாற்றுங்கள். பெல்ட்டின் வரிகளில் வெடிப்பு இருந்தால் அதையும் கூடவே மாற்றிவிடுங்கள். கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதானே.