மீன் தொட்டிக்குச் செப்டிக் டேங்க் பவுடரா, பழைய ஸ்பாஞ்சா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே செப்டிக் டேங்குக்குப் போடுகிற பாக்டீரியா பவுடர் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கும். போன பங்குனியில் புதிதாக மீன் தொட்டி வைத்தபோது என் மனைவியின் தம்பி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, மீன் கடையில் விற்கிற பாக்டீரியா பாட்டிலும் இதுவும் ஒன்றுதானே? இரண்டுக்கும் கழிவைத் தின்கிற வேலைதானே? இதையே போட்டுப் பார்க்கலாமே" என்றான்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இன்னொரு பக்கம், காட்பாடியில் இருக்கும் என் சித்தப்பா, மூன்று வருடமாக ஓடும் தன் தொட்டியின் வடிகட்டியிலிருந்து, பாக்டீரியா படிந்த ஒரு ஸ்பாஞ்சு தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரே மாதிரியான இரண்டு தொட்டிகள் என்னிடம் இருந்தன. ஒன்றில் பவுடர், மற்றொன்றில் ஸ்பாஞ்சு. இரண்டிலும் மும்மூன்று கறுப்பு மோலி மீன்கள். தண்ணீர் ஒரே போர்வெல்லிலிருந்து எடுத்தது. தீனியும் ஒரே அளவு.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பவுடர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது, ஸ்பாஞ்சு இலவசம், பாட்டில் சில நூறு ரூபாய். கிடைப்பதிலும் சிரமம் இல்லை. இவற்றை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். முடிவெடுக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: மீன் வெளியேற்றி, சேர்ந்தால் மீனையே கொல்லும் அமோனியாவைத் தின்பது யார்?

பவுடர் போட்ட தொட்டியில் இரண்டாம் நாளே தண்ணீர் அரிசி களைந்த நீர்போல வெளுத்தது. மூன்றாம் நாள் விடியற்காலை எழுந்து பார்த்தேன். மூன்று மோலிகளும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஏர் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆறாம் நாள் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அமோனியாவைக் காட்டும் சோதனைத் திரவத்தைச் சொட்டு சொட்டாக விட்டேன். அமோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், ஐந்து நிமிடத்தில் இலைப் பச்சையாக மாறியது. வண்ண அட்டையில் அது 2 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அன்று மாலை ஒரு மோலி செத்தது. ஸ்பாஞ்சு வைத்த தொட்டியில் முதல் இரண்டு நாள் மட்டும் லேசான பச்சைச் சாயல் தெரிந்தது. அதன் பிறகு மஞ்சள்தான்.

இதற்காகப் பவுடரைப் போலி என்று சொல்ல மாட்டேன். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இந்தப் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பவை பாசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களும், கொழுப்பையும் புரதத்தையும் மாவுப்பொருளையும் உடைக்கிற நொதிகளும். பாசில்லஸ் வறட்சியில் விதைபோல ஓடு கட்டிக்கொண்டு உறங்கும். அதனால்தான் பாக்கெட்டில் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. தண்ணீரில் விழுந்ததும் விழித்து, அழுகும் பொருளைத் தின்னத் தொடங்கும். அப்படித் தின்னும்போது புரதத்தில் இருக்கும் நைட்ரஜன் அமோனியாவாக வெளியேறுகிறது. அதாவது, நாம் எதை ஒழிக்க நினைக்கிறோமோ அதையே இது உண்டாக்குகிறது.

நம் வீட்டுச் செப்டிக் டேங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வழிந்து வெளியேறும் நீரில் நைட்ரஜனின் பெரும்பகுதி அமோனியா வடிவத்தில்தான் இருக்கும். காற்று புகாத தொட்டிக்குள் அது வேறாக மாறுவதில்லை. உறிஞ்சு குழியைத் தாண்டி, காற்றோட்டமுள்ள மண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் அங்கே வாழும் வேறு பாக்டீரியாக்கள் அதை, மீனுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மீன் தொட்டிக்குத் தேவை அந்த மண்ணில் இருக்கிற ஆட்கள். டேங்குக்குள் இருக்கிறவர்களைக் கொண்டுவந்து விட்டுப் பயனில்லை.

போதாக்குறைக்கு, மீன் வெளியேற்றும் அமோனியாவின் பெரும்பங்கு செவுள் வழியாக நேரே தண்ணீரில் கலந்துவிடுகிறது. அடியில் கிடக்கும் கழிவை எவ்வளவு சுத்தமாகத் தின்றாலும் அந்தப் பங்கு குறையாது.

அமோனியாவை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா போன்றவை வேறு இனம். அழுகும் பொருள் அவற்றுக்கு உணவே இல்லை. 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி இத்தகைய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டியபோது, அவை வெறும் தாது உப்புகளைக் கொண்டே வாழ்வதை உலகம் வியந்து பார்த்தது. அவை மெதுவாகப் பெருகும். பாசில்லஸ் நல்ல சூழலில் அரை மணி நேரத்தில் இரட்டிக்கிறது என்றால், இவற்றுக்கு அரை நாளுக்கும் மேலாகும். புதுத் தொட்டி தானாகப் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆவது இதனால்தான். இவை ஓடு கட்டி உறங்கத் தெரியாதவை, உலர்ந்தால் சாகும். உலர்ந்த பவுடர் பாக்கெட்டில் இவற்றை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

வேலூருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. எங்கள் போர்வெல் நீரின் பி.எச்., அதாவது அமில-காரத்தன்மையின் அளவு, 8. கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தொடுகிறது. பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்த அமோனியாவில் சுமார் 0.6 சதவீதம்தான் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அது 7 சதவீதத்தைத் தாண்டுகிறது. குளிர்ந்த, மென்மையான நீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு இங்கே விஷம். ஆக்சிஜனும் அப்படித்தான். 30 டிகிரி நீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் அதைத் தாங்கும். திடீரென்று பெருகும் பாசில்லஸ் கூட்டம் அதையும் பங்குபோட வந்துவிடுகிறது. அன்று விடியற்காலை மோலிகள் மேலே வந்து தவித்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இறால் பண்ணைக்காரர்கள் பாசில்லஸ் போடுகிறார்களே என்று கேட்கலாம். போடுகிறார்கள், கூடவே வெல்லப்பாகும் விட்டு, இரவும் பகலும் காற்று அடிக்கிறார்கள். சர்க்கரைச் சத்து மிகுந்திருந்தால் பாசில்லஸ் தன் உடலை வளர்க்க அமோனியாவையும் இழுத்துக்கொள்ளும். வீட்டுத் தொட்டியில் அந்தக் கணக்கைப் பிடிப்பது கடினம். ஒரு மணி நேரம் மின்சாரம் போனாலே ஆபத்து.

கடைப் பாட்டிலைப் பற்றி நான் சொல்வது இரண்டே பாட்டில்களின் அனுபவம். ஒன்று வேலை செய்தது. மற்றொன்றால் எந்த மாற்றமும் இல்லை. வாங்கும் முன் சீட்டைப் படியுங்கள். பாசில்லஸ் என்று மட்டும் போட்டிருந்தால் அது செப்டிக் பவுடரின் பங்காளிதான். உண்மையான நைட்ரோசோமோனாஸ் உள்ள பாட்டில் என்றாலும், மே மாத வேலூர் வெயிலில் பார்சல் வண்டியிலும் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலும் கிடந்தபின் உள்ளே எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பது கவலைக்குரியது.

ஆகவே என் ஓட்டு ஸ்பாஞ்சுக்கு. காட்பாடியிலிருந்து அதைச் சித்தப்பாவின் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்து, பாதி காற்று விட்டுக் கட்டிய பாலித்தீன் பையில் கொண்டுவந்தேன். பழுப்பேறி, தொட்டால் வழவழப்பாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருந்தது. அந்த வழவழப்பில்தான் எல்லாம் இருக்கிறது. குழாயடியில் வைத்துக் கழுவிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மூன்று வருடத்துச் சேமிப்பு வீணாகிவிடலாம். அழுக்கு அதிகமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

இதிலும் ஆபத்து உண்டு. வெள்ளைப்புள்ளி நோயும் நத்தையும் ஸ்பாஞ்சோடு சேர்ந்தே வந்துவிடும். கடந்த ஒரு மாதத்தில் புது மீன் விடாத தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பாஞ்சு வந்துவிட்டது என்று ஒரே நாளில் இருபது மீன் விடவும் கூடாது. அது முன்பு எத்தனை மீனுக்கு உழைத்ததோ, அந்த அளவுக்குத்தான் அதில் பாக்டீரியா இருக்கும்.

நன்கு பழகிய தொட்டியில் அடிமண் கழிவைக் கரைக்கச் சிட்டிகைப் பவுடர் போடலாமா என்பது வேறு கேள்வி. ஒரு முறை போட்டேன். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கழிவு குறைந்ததாகவும் தெரியவில்லை. ஒரே முறை என்பதால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாக்கெட்டில் கலந்திருக்கும் வாசனைப் பொருளும் சோப்புத்தன்மை கொண்ட பொருளும் மீனுக்காகச் சோதிக்கப்பட்டவை அல்ல. பல பாக்கெட்டுகளில் என்ன கலந்திருக்கிறது என்றே அச்சிடுவதில்லை.

பவுடர் தொட்டியில் எஞ்சிய இரண்டு மோலிகளுக்காக அன்றே பாதித் தண்ணீரை மாற்றி, மற்ற தொட்டியின் ஸ்பாஞ்சிலிருந்து கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டி உள்ளே போட்டேன். ஒன்பதாம் நாள் சோதனைக் குழாய் மஞ்சளாக நின்றது.