வெள்ளி பார்க்கப் பாலைவனமா, பாணமையா?

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்க வேண்டுமானால் பௌர்ணமி இரவில் போகச் சொல்வார்கள். வெள்ளி பார்க்க, அதாவது விண்மீன் பார்க்க, அந்த இரவு உதவாது. நிலவு வெளிச்சத்தில் பால்வீதி கரைந்துபோகும். அரிசோனாவுக்கும் இதே விதி, அபுதாபிக்கும் இதே விதி. பாலைவனத்தில் நட்சத்திரச் சுற்றுலா விற்கும் ஒருவர் போயாவை, அதாவது பௌர்ணமியை, ஒட்டிய தேதியைச் சொன்னால், அவர் உண்மையில் விற்பது இரவுச் சாப்பாட்டையும் மணல்மேட்டு ஓட்டத்தையும்தான். அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாட்கள் என்றால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

இங்கே ஒப்பிடப்படுபவை ஒரு பக்கம் இரண்டு பாலைவனங்கள்: பறக்கும் தட்டுக்குப் பேர்போன அரிசோனாவின் செடோனா, நம் உறவுக்காரர் பலர் வேலை பார்க்கும் வளைகுடா. மறுபக்கம் இலங்கையின் கிழக்கிலுள்ள பாணமை, உன்னிச்சை, பாசிக்குடா.

எந்த வானத்தில் எது தெரியும்

செடோனா வடக்கே ஏறக்குறைய 35 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது, மட்டக்களப்பு 7.7 பாகையில். காசு கட்டுமுன் யோசிக்க வேண்டிய முதல் கணக்கு இது. செடோனாவில் நிற்பவருக்குத் தென்சிலுவை, அதாவது நம் பெரியவர்கள் சொல்லும் திரிசங்கு, அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. மட்டக்களப்பில் அது 22 பாகை உயரம் ஏறும். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி ஏறக்குறைய 10 பாகை; ஆக இரண்டு முட்டிக்குச் சற்று மேலே. பால்வீதியின் மையம் செடோனாவில் 26 பாகைக்கு மேல் ஏறாது, இங்கே 53 வரை ஏறும். உயரம் கூடக் கூட ஒளி கடந்துவரும் காற்றின் தடிப்புக் குறைகிறது, மங்கலானவையும் தெரியத் தொடங்குகின்றன. அபுதாபிக்குத் தெற்கே, பால்வீதி பார்க்க ஆட்கள் போகும் அல் குவா பாலைவனத்தில் திரிசங்கு எழும்தான். ஆனால் ஆறேழு பாகை உயரத்தில், தூசிப் படலத்துக்குள்.

பாலைவனம் வெல்லும் இடம் வேறு: வறட்சி. செடோனா கடல்மட்டத்திலிருந்து 1,300 மீற்றருக்கு மேலே இருக்கிறது. காற்றில் ஈரம் குறைவு. 2014இல் சர்வதேச இருள்வான ஊராக அறிவிக்கப்பட்டதால் தெருவிளக்குகள்கூட வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும்படி மறைக்கப்படுகின்றன. அங்கே நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள கறுப்பு நல்ல கறுப்பு. நம் கரையில் உப்புப் படலம் அடிவானத்தின் கடைசிச் சில பாகைகளை விழுங்கிவிடும். துருவ நட்சத்திரம் இங்கே ஏழெட்டுப் பாகையில்தான் நிற்கும் என்பதால் பெரும்பாலும் அந்தப் படலத்துக்குள் போய்விடும். வடதுருவத்தை வைத்துத் தொலைநோக்கியின் அச்சைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே தலையிடி.

எந்த மாதம்

கிழக்கின் அதிர்ஷ்டம் கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி இந்தப் பக்கம் இறங்குகிறது. மே முதல் செப்டெம்பர் வரை மட்டக்களப்பும் அம்பாறையும் வறண்டு கிடப்பது அதனால்தான். பால்வீதியின் மையம் முன்னிரவில் தெரியும் மாதங்களும் இவையே. மே நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் திரிசங்கு நேர்தெற்கே நிமிர்ந்து நிற்கும். ஜூலை நடுவில் அதே நேரத்துக்கு விருச்சிகம் உச்சியில், செவ்வொளிக் கேட்டையோடு. திரிசங்கு அப்போது சாய்ந்து மறையப் போயிருக்கும். இரண்டையும் ஒரே இரவில் திருப்தியாகப் பார்க்க மே கடைசி, ஜூன் அமாவாசைகள் தோதானவை. மாலையில் உள்நாட்டில் இடிமுகில் கட்டினாலும் உடனே திரும்பிவிட வேண்டாம். பல நாட்களில் ஒன்பது, பத்து மணிக்கு வானம் வெளித்துவிடும்.

வளைகுடாவில் கணக்குத் தலைகீழ். அங்கே கோடை இரவும் கொதிக்கும், புழுதி மிதக்கும். அதனால் சுற்றுலாப் பருவம் ஒக்டோபர் முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் பெரும்பாலானவற்றின் முன்னிரவில் பால்வீதி மையம் இல்லை. தெரிபவை திருவாதிரை, ரோகிணி, கார்த்திகைக் கூட்டம், டிசம்பர் 13, 14இல் ஜெமினிட் எரிகற்கள். விளம்பரத்தில் இருப்பதோ மணல்மேட்டுக்கு மேலே எழும்பி நிற்கும் பால்வீதிப் படம்! அது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் விடியற்காலையில் எடுத்ததாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஜெமினிட் நாட்களில் மட்டக்களப்பு வாடைமழையில் நனைந்துகொண்டிருக்கும். டிசம்பரில் டுபாயிலோ அபுதாபியிலோ இருப்பவர் ஊருக்கு வந்து பார்ப்போம் என்று தள்ளிப்போடக் கூடாது, அங்கேயே போய்விட வேண்டும்.

பறக்கும் தட்டு

செடோனாப் பாணிச் சுற்றுலாவில் ஒவ்வொருவர் கையிலும் இரவுநோக்குக் கண்ணாடி ஒன்றைத் தருவார்கள். அது உருவைப் பெரிதாக்காது. ஒளியைப் பல்லாயிரம் மடங்கு கூட்டும். வெறுங்கண்ணுக்கு எட்டாத செய்மதிகள், உயரத்தில் பறக்கும் பறவைகள், வௌவால்கள் எல்லாம் ஒளிப்புள்ளிகளாகத் திரியும். ஓர் இரவில் ஏராளமான 'பொருட்கள்' தெரிவதன் இரகசியம் இதுவே. அமெரிக்கப் பாலைவனங்களில் இராணுவப் பயிற்சி வெளிகள் பல இருப்பதும் கைகொடுக்கிறது. 1997 மார்ச் 13இல் அரிசோனாவையே கலக்கிய ஃபீனிக்ஸ் விளக்குகளில் ஒரு பகுதி, பயிற்சி விமானங்கள் பரசூட்டில் இறக்கிய ஒளிக்குண்டுகள். அமெரிக்க வான்படையின் புளூபுக் திட்டக் கணக்கில் 1947 முதல் 1969 வரை பதிவான 12,618 முறைப்பாடுகளில் 701 மட்டுமே அடையாளம் காணப்படாமல் மிஞ்சின. அடையாளம் தெரியாதது என்றால் வேற்றுலகத்தது என்று பொருளில்லை.

இங்கே இருந்து பார்ப்பவருக்கு நேரக்கணக்கு முக்கியம். ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற இணையச் செய்மதி, தரையில் சூரியன் மறைந்த பிறகும் வெயிலில் இருக்கும், அதனால் மின்னும். நம் அகலக்கோட்டில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்து ஒன்றேமுக்கால் மணிநேரத்துக்குள் பூமியின் நிழல் தலைக்கு மேலே அந்த உயரத்தைத் தாண்டிவிடும். ஜூனில் ஆறரைக்குச் சற்று முன் சூரியன் மறைகிறது. எனவே செய்மதி வேட்டை ஏழிலிருந்து எட்டேகால் வரை. அதன்பின் மேற்கே தாழ்வாகச் சில, பிறகு விடியற்காலையில்தான். அரிசோனாவின் ஜூன் இரவில் நிழல் மெதுவாக ஏறுவதால் ஆட்டம் கூடுதல் நேரம் நீடிக்கும். தட்டு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்த ஒரு விடயத்தில் செடோனாவுக்கே வெற்றி.

வானில் ஒன்றைக் கண்டால் முதலில் நேரம், திசை, எத்தனை முட்டி உயரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு, பச்சை விளக்கோடு விட்டுவிட்டு வெட்டினால் விமானம். வெட்டாமல் ஒரே வேகத்தில் நகர்ந்து நடுவானில் அணைந்துபோனால் நிழலுக்குள் நுழைந்த செய்மதி. சர்வதேச விண்வெளி நிலையம் மிகப் பிரகாசமானது, வானைக் கடக்க ஐந்தாறு நிமிடம் எடுக்கும். முத்துமாலை போல வரிசையாக வந்தால், ஏவிச் சில நாட்களேயான ஸ்டார்லிங்க். நின்ற இடத்திலேயே ஆடி அசைவதுபோலத் தெரியும் தனி ஒளி பெரும்பாலும் வெள்ளிக்கோளோ பிரகாசமான நட்சத்திரமோதான். இருட்டில் ஒப்பிட ஏதும் இல்லாதபோது கண்ணே அதை நகர்த்தும். சந்தேகமிருந்தால் ஒரு தென்னோலை நுனியோடு ஒளியைச் சேர்த்துவைத்துத் தலையை அசைக்காமல் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடிவானத்தில் வரிசையாக நிற்பவை மீன்பிடிப் படகு விளக்குகள்.

நம் கரையில் இன்னொரு காட்சியும் உண்டு, ரொக்கெட் புகை. ஸ்ரீஹரிகோட்டா மட்டக்களப்புக்கு வடக்கே ஏறக்குறைய 680 கிலோமீற்றர். அங்கிருந்து துருவப் பாதைக்கு ஏவும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலால் போகாதபடி முதலில் தென்கிழக்கே சென்று, பிறகே தெற்கே திரும்புகின்றன. அந்திக்கருக்கலிலோ விடியலுக்கு முன்னோ ஏவினால் அதன் புகை உயரத்தில் வெயில்பட்டு, விரிந்த சொறிமீன் போல ஒளிரக்கூடும். ஏவும் நேரத்தை இஸ்ரோ முன்கூட்டியே அறிவிக்கும். பார்க்க வேண்டிய திசை வடகிழக்கும் கிழக்கும், அதாவது கடல்.

பாணமை, உன்னிச்சை, பாசிக்குடா

மூன்றில் பாணமைக் கரையே முதல். காரணம் தெற்கு. கரையில் நின்று தெற்கே திரும்பினால் குமணக் காடு, கிழக்கே கடல். இரு பக்கமும் ஊர் வெளிச்சம் இல்லை. திரிசங்குக்குப் பக்கத்தில் கரிப்பை எனப்படும், ஓட்டை போன்ற கறுத்த திட்டு வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால் வானம் தரமானது என்று அர்த்தம். 10×50 பைனாகுலரில் ஒமேகா சென்ரோரி என்ற நட்சத்திரக் கொத்து பஞ்சுருண்டை போல நிற்கும். பாலைவனச் சுற்றுலாவில் இதற்கு ஈடாக ஒன்று காட்டுவது கடினம். அறுகம்பேயில் நின்று பார்க்க முயலக் கூடாது. அலைச்சறுக்குப் பருவமும் வெள்ளி பார்க்கும் பருவமும் ஒன்றே என்பதால் ஹோட்டல் விளக்கும் பாட்டும் அங்கே நடுச்சாமம் வரை ஓயாது. உகந்தை இன்னும் இருட்டு. ஆனால் கதிர்காம பாதயாத்திரைக் காலத்தில் கூட்டமும் விளக்கும் நிறைந்திருக்கும், அதைத் தாண்டிய குமண வனப்பூங்காவுக்குள் இரவில் நுழைய முடியாது.

உன்னிச்சைக் குளக்கட்டு மட்டக்களப்பிலிருந்து ஒரு மணிநேர ஓட்டத்துக்குள். கடலிலிருந்து உள்ளே இருப்பதால் உப்புப் படலம் இல்லை, கச்சான் வீசும் நாளில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். கிழக்கே மட்டக்களப்பின் வெளிச்சக் குடை தெரியும். மேற்கும் தெற்கும் இருட்டு. கட்டின் உச்சியில் காற்று தொலைநோக்கியை ஆட்டும் என்பதால் முக்காலியை அரைவாசி உயரத்துக்கு இறக்கி, நடுவில் கல் நிரப்பிய பை ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நுளம்புத் தொல்லையும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரியது யானை. வறட்சியில் அவை குளத்துக்குத் தண்ணீர் தேடி வருவது இருட்டிய பிறகே. ஊர்க்காரர் ஒருவர் கூட இல்லாமல் போவது புத்தியில்லை. மின்வேலியின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பாசிக்குடா குழந்தைகளோடு போகிறவர்களுக்கு. பால்வீதி மங்கலாகத் தெரியும், விருச்சிகம் முழுதாகத் தெரியும், அவ்வளவுதான். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தால் வில்லை வேர்த்துவிடும். பொலித்தீன் பையில் கட்டி அரைமணி நேரம் வெளியே வைத்த பிறகு திறக்க வேண்டும்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு

பாலைவனச் சுற்றுலாவில் காசு போவது பெரும்பாலும் வாகனத்துக்கும் சாப்பாட்டுக்கும். பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை: வானம் பார்க்கும் நேரத்தில் முகாம் விளக்கு அணைக்கப்படுமா, தொலைநோக்கியின் விட்டம் என்ன, அதற்கு எத்தனை பேர். முப்பது பேருக்கு ஒன்று என்றால், ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் சனியின் வளையத்துக்கு அரைமணி நேர வரிசை. 200 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் குறைந்ததற்குத் தனிக்கட்டணம் கேட்டால் யோசிக்க வேண்டும். செடோனாவுக்குப் போகிறவர் குளிர்காலத்தில் தடித்த உடுப்பு கொண்டுபோகாவிட்டால் பாதியிலேயே வாகனத்துக்குள் ஏறிவிடுவார். அங்கே இரவு உறைநிலைக்குக் கீழே இறங்கும்.

பாணமைக்குத் தேவையானது குறைவு: பைனாகுலர், பாய், சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மூன்று மடிப்புச் சுற்றிய டோர்ச், முக்காலி. கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். கைத்தொலைபேசியை ஒருமுறை திறந்தால் அது முழுவதும் வீண். கமராவுக்கு 24 மில்லிமீற்றர் வில்லையில் எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, 15 முதல் 20 செக்கன். அதற்கு மேல் போனால் புள்ளி கோடாகிவிடும். உப்புப் படிந்த வில்லையை உலர் துணியால் தேய்க்கக் கூடாது, கீறல் விழும்; முதலில் ஈரத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். பச்சை லேசரை விமானம் போகும் பக்கம் திருப்பவே கூடாது. களப்பு முகத்துவாரங்களில் முதலை உண்டு, பாயைத் தண்ணீரோரம் விரிக்காமல் மணல்மேட்டில் விரிக்க வேண்டும்.

பொத்துவில் பாணமை வீதியில் யானை கடப்பது அந்திக்கும் விடியலுக்கும் இடையில். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, இரவு பாணமையிலேயே தங்குவதற்கு இடம் பிடித்துவிட்டால், நள்ளிரவில் ஓட்டோவில் திரும்பும் வேலை இல்லை.