ஓட்டோ கியர் வாகனம் வைத்து ட்ரெயிலர் இழுப்பவர்களே, "பெட்டி போச்சு" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய டொயோட்டா பிராடோ, சர்ஃப் மாதிரி ஓட்டோ கியர் வாகனத்தில் ட்ரெயிலர் இழுப்பவர்கள் கொஞ்சம் நேரம் எடுத்து இதை வாசியுங்கள். கெடாத கியர்பொக்ஸை, அதாவது "பெட்டியை", மாற்றி எங்களிடம் காசு வாங்கிய கராஜின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள் மட்டுமாக இருக்கவும் முடியாது.

எங்களுடையது 90களின் பிற்பகுதியில் வந்த டீசல் பிராடோ. ஒலிபெருக்கி வாடகைத் தொழிலுக்கு ஜெனரேட்டர் ட்ரெயிலரை இழுப்பது அதுதான். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா நெருங்கி, ஓடர் குவிந்திருந்த நேரம் பார்த்து அது மக்கர் பண்ணத் தொடங்கியது. டி-யில் போட்டு மிதித்தால் எஞ்சின் கத்தும், வாகனம் ஊரும். கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் தெரியாது. ட்ரெயிலர் இல்லாவிட்டால் பரவாயில்லை. டாஷ்போர்டில், ஓவர்டிரைவை (நாலாம் கியரை) நிறுத்தினால் எரியும் ஓ/டி ஓஃப் விளக்கு விட்டு விட்டு மினுங்கியது. காத்தான்குடி நெரிசலில் நின்று நின்று வந்த ஒரு நாள், கியர் ஒயில் சூட்டைக் காட்டும் விளக்கும் எரிந்தது.

டவுனில் பெயர்போன ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெரிய பாஸ் கியர் ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார், மணந்தார். "பெட்டிக்குள்ள கிளட்ச் பிளேட் எல்லாம் எரிஞ்சு போச்சு தம்பி. திறந்து செய்யிறது வீண் செலவு. ஜப்பான் பெட்டி ஒண்டு இறக்கிப் போடுவம்." அவ்வளவுதான் பரிசோதனை. மினுங்குகிற விளக்கைக் காட்டினேன். "பழைய வாகனம்தானே, வயர் லூசா இருக்கும், அதப் பாக்காதீங்க" என்றார். வயர் என்று அவரே வாயால் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பெட்டியை மாற்ற நாலு இலட்சத்துக்கு மேல் போனது. பில் என்று தந்தது ஒரு கொப்பித்தாள். அதில் "கியர்பொக்ஸ், கூலி" என்று இரண்டு சொல், கீழே மொத்தத் தொகை. முத்திரை இல்லை, பெட்டி இலக்கம் இல்லை, உத்தரவாதம் பற்றி ஒரு வரி இல்லை. வாகனத்தை எடுத்து ட்ரெயிலரைக் கொழுவினால் அதே கத்தல், அதே ஊர்தல், அதே மினுங்கல். திரும்பப் போனபோது, "புதுப் பெட்டி செட்டாக வேணும், ஓடுங்க, சரிவரும்" என்றார்கள். ஓட்டோ கியர்பொக்ஸ் என்ன, புதுச் செருப்பா, ஓட ஓடச் செட்டாவதற்கு?

கடைசியில் மச்சான் சொல்லி, சம்மாந்துறையில் ஒரு மெக்கானிக் காக்காவிடம் போனோம். சின்ன இடம், ஒரு தகரக் கொட்டில். எடுத்த உடனே அவர் வாகனத்துக்குக் கீழே போகவில்லை. பொனட்டைத் திறந்து, டயக்னோசிஸ் என்று எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டு துளையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். அந்த ஓ/டி விளக்கு ஆறு தரம் மினுங்கி, நின்று, பிறகு இரண்டு தரம் மினுங்கியது. அது 62 என்ற பிழைக் கோட். "முதலாவது சொலினொயிட், தம்பி. பெட்டிக்கு ஒண்டுமில்ல."

அவர் விளக்கியது இதுதான். இந்த நாலு கியர் டொயோட்டா பெட்டியில் கியரை மாற்றுவது இரண்டு சொலினொயிட், அதாவது கரண்டில் வேலை செய்யும் வால்வுகள். முதலாவதுக்குக் கரண்ட் போகாவிட்டால் கம்பியூட்டர் மற்றதை வைத்துச் சமாளிக்கும். வாகனம் முதலாம் கியர் இல்லாமல் நேரே மூன்றாம் கியரில் கிளம்பும். வெறும் வாகனம் என்றால் எப்படியோ இழுத்துவிடும். பின்னால் ஜெனரேட்டர் இருந்தால், எஞ்சின் இழுவையை ஒயிலால் பெட்டிக்குக் கடத்தும் கன்வெர்ட்டர் வழுக்கி, ஒயில் கொதித்து, நிறம் மாறி மணக்கும். அந்த மணத்தைத்தான் "பிளேட் எரிஞ்சு போச்சு" என்று நாலு இலட்சத்துக்கு விற்றிருக்கிறார்கள். பிளேட் உண்மையில் எரிந்திருந்தால், பெட்டியின் அடியில் இருக்கும் ஒயில் சட்டியைக் கழற்றிப் பார்த்தாலே தெரியும். சட்டியில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களி கொஞ்சம் இருப்பது வழமை. இரும்புத் துணுக்கும் பிளேட் தூளும் கிடந்தால்தான் பயப்பட வேண்டும். அந்தச் சட்டியை யாரும் தொடக்கூட இல்லை.

மறுகா இன்னொரு சோதனையும் செய்து காட்டினார். சொலினொயிட் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓடினால் கியர்லீவர் எல்-இல் முதலாம் கியரும், 2-இல் மூன்றாம் கியரும், டி-இல் ஓவர்டிரைவும் விழ வேண்டும். விழுந்தால் பெட்டியின் உள்பக்கம் நல்லது, கோளாறு மின்சாரப் பக்கம். விழுந்தது. பிளக்கில் மீட்டரை வைத்தபோது சொலினொயிட் 13 ஓம் காட்டியது. 11க்கும் 15க்கும் இடையில் இருந்தால் சரி. அப்படியானால் மிச்சம் இருப்பது வாகனப் பக்க வயர்தான். சைலன்சர் குழாயில் உரசி, உருகி, அறுந்து கிடந்தது. பெட்டியை எத்தனை தரம் மாற்றினாலும் அந்த வயர் வாகனத்தோடேதான் இருக்கும்.

அதோடு ஒயிலும் குறைவு. எஞ்சினை நிறுத்தி வைத்து அளந்து ஊற்றியிருக்கிறார்கள். நிறுத்தியதும் கன்வெர்ட்டர் ஒயில் கீழே வடிந்து மட்டம் கூடக் காட்டும். சூடாக ஓடிவந்து, எல்லாக் கியரையும் ஒருக்கால் போட்டெடுத்து, பி-யில் எஞ்சின் ஓட ஓட டிப்ஸ்டிக்கின் ஹொட் கோட்டில் பார்ப்பதுதான் முறை. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இழுத்திருந்தால் வந்த பெட்டியும் உண்மையிலேயே எரிந்திருக்கும்.

காக்கா வயருக்கும் ஒயிலுக்கும் வாங்கிய காசைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். டீசல் அடிக்கிற காசு.

ஓட்டோ கியரில் கை வைக்க வருகிறவரிடம் முதலில் கோட் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்கத் தெரியாது என்றால் சாவியைத் திரும்ப வாங்குங்கள். கழற்றுகிற பெட்டியின் இலக்கத்தைப் படம் எடுத்து, பழையது எனக்கு வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். பில்லில் பெட்டி இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதாமல் காசைக் கொடுக்காதீர்கள். நான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர்களின் இலக்கம் 1977. கையில் இருப்பது அந்தக் கொப்பித்தாள் ஒன்றுதான் என்பதால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும்.

எங்கள் பழைய பெட்டியைத் திருப்பிக் கேட்டேன். "அது பழைய இரும்புக்குப் போயிற்று" என்றார்கள். அண்மையில் டவுன் பக்கம் யாராவது பிராடோவுக்குப் பழைய பெட்டி வாங்கியிருந்தால் கவலைப்படாதீர்கள், அது நல்ல பெட்டி. எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.