கறுப்பு வெள்ளை மலையா, வண்ண வானவில்லா?

வீட்டுச் சுவரில் ஒரே ஒரு இயற்கைப் படம் பெரிதாக மாட்ட ஆசை, ஆனால் கறுப்பு வெள்ளையா வண்ணமா என்று குழப்பம். அப்படிப்பட்டவர்களுக்காக இரு புகைப்படக் கலைஞர்களின் இரண்டு படங்கள்: முதலாவது கறுப்பு வெள்ளை, அடுத்தது வண்ணம்.

ஆன்சல் ஆடம்ஸ், 1942: அமெரிக்காவின் டீட்டன் மலைகள், கீழே வளைந்தோடும் ஸ்னேக் ஆறு.
கேலன் ரோவெல், 1981: திபெத்தின் லாசா நகரிலுள்ள பொட்டாலா அரண்மனைமேல் இறங்கும் வானவில்.

முதல் பார்வையில் வானவில்தான் வெல்லும். அதன் முனை அரண்மனையில் வந்து விழும்படி ரோவெல் ஓடி ஓடி இடம் மாறினார் என்று அறிந்தபின் எனக்கு அந்தப் படம் இன்னும் பிடித்துப்போனது.

நாள்பட நிற்பது ஆடம்ஸ். ஆற்றின் வெளிச்ச வளைவைப் பிடித்துக்கொண்டு கண் மெல்ல மேலேறிப் பனிச்சிகரத்துக்கும் மேகத்துக்கும் போகும். ஒவ்வொரு முறையும் நிழலுக்குள் புதிதாக ஏதோ தெரியும். 1977இல் வாயேஜர் விண்கலங்கள் வேற்றுலகினருக்குப் பூமியைக் காட்டவெனச் சுமந்துசென்ற படங்களில் இதுவும் ஒன்று என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

பராமரிப்பு? வண்ணப் பிரிண்ட் நேர்வெயிலில் வெளுக்கும். கறுப்பு வெள்ளையைச் சுமாரான கடையில் அச்சிட்டால் பச்சைச் சாயல் அடிக்கும். நல்ல கடைக்குக் கூடுதலாகச் செலவழியுங்கள்.

விருந்தினர் வந்துபோகும் கூடத்துக்கு வானவில் சரி. தினமும் உட்கார்ந்து படிக்கும் மேசைக்கு எதிரே என்றால், தயங்காமல் ஆடம்ஸ்.