சுவிட்ச் முதலில், ஆப் அப்புறம்: திருநகர் வீட்டில் ஆட்டோமேஷன்

லைட்டையும் பிளக்கையும் போனில் இயக்க எது வாங்கலாம் என்று சொந்தத்தில் யாராவது வீடு கட்டும்போதெல்லாம் கேட்கிறார்கள். மதுரை திருநகரில் எங்கள் வீட்டில் சில வருஷமாகவே இது ஓடுகிறது. வயதான அப்பா அம்மா இருக்கும் வீடு, கோடையில் கரண்ட் போய்ப் போய் வரும் தெரு. இந்த இரண்டுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் வைத்திருக்கிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஸ்மார்ட் பல்பு வாங்குவதா அல்லது சுவிட்சையே போனில் இயங்க வைப்பதா என்பதுதான். பல்பு மாட்டுவது சுலபம், ஹோல்டரில் போட்டால் முடிந்தது. ஆனால் வீட்டில் லைட்டை அணைக்கும் கை சுவிட்சுக்குத்தான் போகும். அம்மா சுவிட்சைத் தட்டிவிட்டால் பல்புக்குக் கரண்டே கிடையாது, ஆப்பில் ஆஃப்லைன் என்று நிற்கும். அப்புறம் கரண்ட் போய் வரும்போது நிறைய பல்புகள் முழு வெளிச்சத்தோடு எரிய ஆரம்பித்துவிடும். செட்டிங்கில் மாற்றலாம், எல்லா பல்பிலும் அந்த வசதி இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு பெட்ரூம் பளிச்சென்று விழித்துக்கொண்டால் தூக்கம் போச்சு. ஹாலில் கலர் வெளிச்சம் வேண்டிய ஒரு மூலைக்கு மட்டும் பல்பு வைத்துக்கொள்ளலாம்.

நான் மனசாரச் சொல்வது, போர்டுக்குள்ளே சுவிட்சுக்குப் பின்னால் உட்காரும் ரிலேயைத்தான், அதாவது போனிலிருந்து வரும் கட்டளைக்கு லைனைச் சேர்த்துப் பிரிக்கும் குட்டிப் பெட்டி. சோனாஃப், ஷெல்லி மாதிரி கம்பெனிகள் போடுகின்றன. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிது. பழைய சுவிட்சில் இருந்து இரண்டு வயரை அதில் சுவிட்சுக்கென்று இருக்கும் முனைகளில் (சோனாஃப் மினியில் எஸ்1, எஸ்2) கொடுத்துவிட்டால், அம்மா எப்போதும்போலத் தட்டலாம், நான் வெளியில் இருந்தும் அணைக்கலாம். இன்டர்நெட் போனாலும், வைஃபையே செத்தாலும் சுவிட்ச் வேலை செய்யும். இந்த ஒன்று இல்லாத எந்த சிஸ்டத்தையும், எவ்வளவு விலை குறைவாகக் கொடுத்தாலும், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மாட்டாதீர்கள்.

இந்த ரிலேக்களில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், வேண்டும். போர்டைக் கழற்றிப் பார்த்தால் கரண்ட் வரும் ஃபேஸ் வயர் சுவிட்சுக்குச் சுவிட்ச் லூப் போட்டிருக்கும். நியூட்ரல் அதே போர்டில் இருக்கும் பிளக் பாயின்ட்டுக்கு மட்டும் வந்திருக்கும். நம் ஊர் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் இருப்பதால் அங்கிருந்தே நியூட்ரல் எடுத்துவிடலாம் என்பார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். லைட்டுக்கும் பிளக்குக்கும் தனித்தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) போட்ட வீட்டில் ஒன்றின் நியூட்ரலை இன்னொன்றுக்குக் கொடுத்தால், போன கரண்ட் அதே வழியில் திரும்பி வராது. ஆர்சிசிபி அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு ட்ரிப் ஆகும். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் முதல் போர்டிலேயே சொல்லிவிட்டார், "சார், லைட்டு நியூட்ரல தனியா இழுத்துருவோம், பின்னால தொல்ல இல்ல." இழுத்தோம், இன்றுவரை தொல்லை இல்லை. சுவிட்ச் பெட்டியின் ஆழத்தையும் அவர்தான் பார்த்தார். ஒரு பெட்டியில் இரண்டு ரிலேக்கு மேல் திணிக்க வேண்டாம். சூடு வெளியேற இடம் வேண்டும்.

பிளக் பாயின்ட்டில் ஆம்பியர் கணக்கு முக்கியம். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் என்று எழுதிய ரிலேயில் அதை தினமும் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை, 16 ஆம்பியர் போடுங்கள். தண்ணீர் மோட்டார் இன்னும் மோசம். ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஆப்பில் அணைத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய கரண்டைத் தாங்கும் கனமான சுவிட்சான கான்டாக்டர் ஒன்று வைத்து, அதை இழுக்கும் காயிலை மட்டும் ரிலே இயக்கும்படி செய்யுங்கள். மதுரையில் டவுன் ஹால் ரோடு பக்கம் கேட்டால் கிடைக்கும்.

ஃபேனில் ஒரே விஷயம்: பிஎல்டிசி ஃபேனுக்கு (வேகத்தைத் தனக்குள்ளேயே கட்டுப்படுத்தும், ரிமோட்டில் இயங்கும் ஃபேன்) ஸ்மார்ட் ரெகுலேட்டர் வைக்காதீர்கள், ஆன் ஆஃப் மட்டும் போதும்.

வைஃபையா, ஜிக்பீயா? நாலைந்து பாயின்ட் என்றால் வைஃபை போதும். வீடு முழுக்க என்றால் ஜிக்பீ, இந்த மாதிரி சாதனங்களுக்கென்றே உள்ள இன்னொரு வயர்லெஸ் முறை. எல்லாவற்றையும் இணைக்கும் ஹப் ஒன்று தனியாக வேண்டும், ஆனால் நியூட்ரல் கொடுத்த ஜிக்பீ ரிலேக்கள் பொதுவாக சிக்னலை அடுத்ததற்குக் கடத்தும் என்பதால் கனத்த சுவர் உள்ள வீட்டிலும் மாடி வரை எட்டுகிறது. எதை வாங்கினாலும் கம்பெனி சர்வர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இயங்குமா என்று கேளுங்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆட்டோமேஷன் கம்பெனி இன்ஸ்டியான் முன்னறிவிப்பில்லாமல் சர்வரை நிறுத்தியது. வாங்கியவர்களின் ஆப்பும் அதை நம்பியிருந்த வசதிகளும் அப்படியே நின்றன. நான் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரில், எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற சாஃப்ட்வேரை ஓட்டுகிறேன். இலவசம், செட் பண்ணப் பொறுமை வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டு, எஸ்டி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி வைத்ததில் இருந்து கரண்ட் போய் வருவது பிரச்சினையே இல்லை.

கரண்ட் பில் ஏறுமா என்று அப்பா கேட்டார். ரிலே ஒன்று சும்மா இருக்கும்போது 1 வாட் எடுக்கிறது என்று வைத்தாலும், பத்து ரிலேக்கு இரண்டு மாத பில்லில் சுமார் 14 யூனிட்தான். மறந்துபோய் ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்த மொட்டைமாடி, வாசல் லைட்டுகளை இப்போது அதுவே அணைத்துவிடுகிறது.

புதிதாகக் கட்டுகிறவர்கள், சுவர் வெட்டும் முன்பே எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் அந்தந்த லைனின் நியூட்ரல் வரவேண்டும், பெட்டி ஆழமானதாக இருக்கவேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். ரிலேயை வசதிப்படும்போது ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம்.