ஸ்பீக்கருக்குத் தனி சுவிட்ச்: வீட்டு ஸ்டுடியோவை சுவர் பாயிண்ட்டில் போட்டு அணைத்த அனுபவம்

கம்ப்யூட்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கரை கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), சின்ன மிக்சர், இசைக் கீபோர்டு, ஒரு ஜோடி பவர்டு மானிட்டர் (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்டுடியோ ஸ்பீக்கர்). எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிவிட்டு சுவரில் ஒரு சுவிட்சைத் தட்டுவதுதான் பல வீட்டு ஸ்டுடியோக்களில் வழக்கம். மானிட்டர்களின் பவர் சுவிட்ச் பெரும்பாலும் முதுகுப்பக்கம், சுவரை ஒட்டி இருக்கும். தினமும் யார் கையை விட்டுத் துழாவுவது? ஆகவே சுவர் சுவிட்சிலேயே அணைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஸ்பீக்கரும் மற்றவையும் ஒரே சுவிட்சில் இருக்கவே கூடாது. நீண்ட நாள் புழக்கத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

மிக்சருக்குக் கரண்ட் வந்ததும் உள்ளே வோல்டேஜ் நிலைக்கு வரும்வரை அவுட்புட்டில் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) எட்டிப்பார்க்கும். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் தயாராக இருந்தால், அதையும் பெருக்கி ‘டப்’ என்று அடிக்கும். அணைக்கும்போதும் இதே தொல்லைதான். ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயர்) பெரிய கெப்பாசிட்டர்கள், அதாவது கரண்டைத் தேக்கும் பாகங்கள், கரண்ட் போன பிறகும் சில நொடிகள் அதை ஓட்டும். மிக்சர் அதற்குள் படுத்துவிடும். படுக்கும்போது அது போடும் சத்தம் முழுசாக ஸ்பீக்கருக்குப் போகும். மியூட் ரிலே (போடும்போதும் அணைக்கும்போதும் ஒலியைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள மானிட்டர்களில் இந்த அடி குறைவு. இல்லாதவற்றில் வால்யூமும் ஏறியிருந்தால் ட்வீட்டருக்கு (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) ஆபத்து.

போடும்போது வால்யூமைக் கீழே இறக்கி, கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், கீபோர்டு, மிக்சர் எல்லாம் எழுந்தபின் ஒரு 10 நொடி விட்டு, கடைசியாக ஸ்பீக்கர். அணைக்கும்போது முதலில் ஸ்பீக்கர். யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் இன்டர்ஃபேஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: கம்ப்யூட்டர் ஷட் டவுன் ஆகும்போது அதுவும் சேர்ந்து சாகும், அதனால் ஷட் டவுன் கொடுப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் அணைந்திருக்க வேண்டும். கண்டென்சர் மைக் இருந்தால் சேனலை மியூட் செய்து, அந்த மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை அணைத்து, அரை நிமிடம் கழித்தே கேபிளைக் கழற்றுங்கள்.

சுவர் சுவிட்சில் நேரடியாக அணைக்கக் கூடாத கருவிகளும் உண்டு. கோர்க் க்ரோனோஸ் மாதிரியான கீபோர்டுக்குள் லினக்ஸ் ஓஎஸ்ஸும் எஸ்எஸ்டி டிஸ்க்கும் ஓடுகின்றன. அது ஒரு கம்ப்யூட்டர்தான். அதன் சொந்த பட்டனில் அணைத்து, திரை முழுக்க அணைந்த பிறகே சுவருக்குப் போக வேண்டும். எந்தக் கீபோர்டிலும் டேட்டா சேவ் ஆகும்போது கரண்டைப் பிடுங்கினால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம்.

லோடு பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். 6 ஆம்பியர் பாயிண்ட்டில் 230 வோல்ட்டுக்கு 1380 வாட் வரை கணக்கு வரும். யமஹா எச்எஸ்5 மானிட்டர் ஒன்று 45 வாட்தான். ஆக, சிக்கல் லோடில் இல்லை. போட்ட கணத்தில் பாயும் கரண்டில்தான். பெரிய டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் ஆம்ப் அந்தக் கணத்தில் பல மடங்கு இழுக்கும். பி டைப் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) தன் ரேட்டிங்கைப் போல 3 முதல் 5 மடங்கிலேயே விழும்; சி டைப் 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். சி டைப்புக்கு மாற்றுவதானால் வயரிங்கைப் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியன் மாற்றட்டும். இந்தப் பாய்ச்சலில் சுவிட்சின் காண்டாக்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியும். தட்டும்போது ‘சொர்’ என்ற சத்தம், தொட்டால் இளஞ்சூடு, இரண்டில் ஒன்று இருந்தாலும் சுவிட்சை மாற்றிவிடுங்கள்.

மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் உள்ளே பித்தளைத் தகடு தளர்ந்துவிடும். பிளக்கை லேசாக ஆட்டினால் ஸ்பீக்கர் கரகரக்கும். அதாவது கரண்ட் விட்டுவிட்டு வருகிறது; கருவிகளுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஸ்பீக்கரில் ஹம் (‘ம்ம்’ என்ற ரீங்காரம்) வருகிறது என்று எர்த் பின்னைக் கழற்றுவது உயிரோடு விளையாட்டு. இரைச்சலை ரத்து செய்யும் பேலன்ஸ்டு கேபிள் போட்டு, எல்லாப் பிளக்குகளையும் ஒரே எர்த்தில் சேர்த்தாலே பெரும்பாலும் அடங்கும்.

பவர் சீக்வென்சர் நல்ல கருவிதான். ஒவ்வொரு அவுட்லெட்டாக இடைவெளி விட்டுத் திறக்கும், அணைக்கும்போது தலைகீழாக வரும். ஆனால் கரண்ட் கட் ஆனால் எல்லா அவுட்லெட்டும் ஒன்றாகத்தான் விழும். இசைக்குழுவின் கருவிகளை அடுக்கிய ரேக்குக்கு வாங்கலாம். ஓர் அறைக்கு இரண்டு சுவிட்சே போதும். ஸ்பீக்கர் தவிர கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், மிக்சர், கீபோர்டு எல்லாம் யூபிஎஸ்ஸில் இருந்தால், கரண்ட் போனாலும் ஸ்பீக்கர் மட்டுமே அணையும், அதுவும் சரியான வரிசைதான். உடனே ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்து வையுங்கள். கரண்ட் திரும்பி நிலைத்து ஓரிரு நிமிடம் ஆனபின் போடலாம்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. அது ஒரு வயரை மட்டுமே துண்டிக்கிறது. பிளக்கையும் நெட் கேபிளையும் உருவி வையுங்கள். மழை விட்டபின் சொருகும்போது சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும்.