இரண்டு படங்களா, ஒரு கேள்வியா?

திருகோணமலையில் நான் கற்பிக்கும் விசேட கல்வி அலகில், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளைத் தம் கற்றலில் பங்கெடுக்க வைப்பதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டு பார்த்திருக்கிறேன். முதலாவது, இரண்டு படங்களை வைத்து ஒன்றைத் தெரிவுசெய்ய விடுவது. மற்றையது, எதைக் கற்க விருப்பம் என்று பிள்ளையிடமே கேட்டு, அந்த விடையிலிருந்து பாடத்தை அமைப்பது.

படத்தெரிவுக்குப் பேச்சு வேண்டியதில்லை. விரலோ பார்வையோ போதும். ஆனால் அது ஏமாற்றக்கூடியது. பதினான்கு வயது மாணவன் ஒருவன் நாள்தோறும் மானை விடுத்து வள்ளத்தின் படத்தையே எடுத்தான். கடற்கரைப் பிள்ளை, வள்ளத்தில் ஆசை என்று நாங்களும் நம்பிவிட்டோம். ஒருநாள் படங்கள் தற்செயலாக இடம் மாறியபோது மானை எடுத்தான். அத்தனை நாளும் அவன் எடுத்தது வலப்பக்கம் இருந்த அட்டையை மட்டுமே. இப்போது இடங்களை மாற்றி மாற்றி வைக்கிறோம். 'இரண்டும் வேண்டாம்' என்பதற்கும் ஓர் அட்டை உண்டு. இருந்தாலும், தெரிவுக்கு வருபவை ஆசிரியர் முன்கூட்டியே பொறுக்கியவைதான்.

கேள்வி வழிக்கு, அமெரிக்காவில் விசேட கல்வி ஆய்வாளர் மைக்கேல் வெமையரும் சகாக்களும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கற்பித்தல் மாதிரி நல்ல துணை. என் இலக்கு என்ன, என் திட்டம் என்ன, நான் என்ன கற்றேன் என மூன்று கட்டங்கள். கட்டத்துக்கு நான்காக 12 கேள்விகள். கேட்பவரும் விடை தேடுபவரும் மாணவரே என்பதுதான் அதன் உயிர்நிலை. சில சொற்களே பேசும் பிள்ளைக்கு அவற்றைப் படங்களாகவும் சைகைகளாகவும் மாற்றவேண்டியிருப்பதால், முதல் விடைக்கே வாரங்கள் செல்லலாம்.

அதே மாணவன் மூன்றாம் வாரத்தில், யன்னலுக்கு அப்பால் சென்ற நிலாவெளி பஸ்ஸைக் காட்டினான். அம்மம்மாவின் வீடு அங்கேதான். அவனுக்கென்றே இலக்குகளை எழுதிவைக்கும் தனியாள் கல்வித் திட்டத்தில் அத்தவணைக்கு நான் எழுதியிருந்ததோ ஒன்று முதல் இருபது வரை எண்ணுதல். அதைத் திருத்தி, 'நிலாவெளி', 'கின்னியா' ஆகிய பெயர்ப்பலகைகளை வேறுபடுத்தி அறிவதை முதலில் வைத்தோம். எண்கள் பஸ் கட்டணத்தின் வழியாக வந்து சேர்ந்தன. செய்து முடித்தவற்றுக்குத் தானே சரி அடையாளம் இடும் அட்டையில், செய்யாததற்கும் சரி போட்டான். உடனே திருத்தக் கை துடிக்கும். ஆயினும் பதிவு பிழையாக இருந்தாலும், பதியும் பழக்கமே செயலைச் சீராக்கக்கூடும்.

ஆம், இல்லை என்பதை உறுதியாகக் காட்டப் பழகாத பிள்ளைக்குப் படத்தெரிவே முதற்படி. அது இன்றிக் கேட்கப்படும் கேள்வி வெறும் அலங்காரம். அந்தப் படியைக் கடந்தவரை அங்கேயே நிறுத்திவைப்பது எனக்கு உடன்பாடில்லை. இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்த, ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 7 ஆம் உறுப்புரை, பிள்ளையின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்கக் கோருகிறது. திட்டக் கூட்டத்தில் பிள்ளைக்கு ஒரு கதிரை போடுவதால் மட்டும் அது நிறைவேறாது. அவர் சொல்வதால் திட்டத்தில் ஒரு வரியாவது மாறவேண்டும்.

இத்தவணை அவனுடன் நானும் பஸ்ஸில் செல்கிறேன். இரண்டு ஆசனங்கள் தள்ளி அமரவேண்டும் என்பது அவன் விதித்த நிபந்தனை; அதையும் திட்டத்தில் எழுதியாயிற்று.